வாசகர் கேள்விகள்: ஜமீன்தாரும் டாக்சிக்காரனும்

கேள்வி (வாசகர், கும்பகோணம்): சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்', ரித்விக் கட்டக்கின் 'அஜாந்த்ரிக்' ஆகிய இரண்டு வங்கப் படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். இரண்டும் 1958இல் வெளிவந்தவை. மனிதர்களிடமிருந்து விலகி, ஒன்றின்மேல் பித்துக்கொண்டு, அதற்காகக் கையிலிருப்பதை எல்லாம் தொலைக்கும் ஓர் ஆண்தான் இரண்டிலும் நாயகன். ஆனால் முதல் படம் முடிந்ததும் பெருமூச்சு வந்தது. இரண்டாவது முடிந்ததும் கண் கலங்கியிருந்தும் சிரித்துவிட்டேன். ஏன் இந்த வேறுபாடு?

பதில்: படங்களைப் பார்க்காதவர்களுக்காகக் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஜல்சாகர்' என்றால் இசைக்கூடம். ஆறு அரித்துத் தின்றுகொண்டிருக்கும் நிலத்தையும் பாழடைந்து வரும் மாளிகையையும் வைத்துக்கொண்டு, கச்சேரி நடத்துவதிலேயே மிச்சச் சொத்தையும் கரைக்கும் ஜமீன்தார் விஸ்வம்பர ராயின் கதை அது. 'அஜாந்த்ரிக்' என்றால் இயந்திரமல்லாதது என்று பொருள். சோட்டா நாகபுரி மலைப்பகுதியில் 1920ஆம் ஆண்டு ஷெவ்ரோலே ஒன்றை டாக்சியாக ஓட்டிப் பிழைக்கும் பிமல், அந்த ஓட்டை வண்டிக்கு ஜகத்தல் என்று பெயரிட்டு, அதை உயிருள்ள துணையாகவே நடத்துகிறான். அதுதான் கதை. ஜகத்தல் என்ற வங்கச் சொல் அசைக்க முடியாத பாறையைக் குறிப்பது. ஓடவேண்டிய வண்டிக்கு இப்படியொரு பெயரை வைத்ததிலேயே குறும்பு தொடங்கிவிடுகிறது.

வெளிப்பார்வைக்கு இருவரும் ஒரே நோயால் பீடிக்கப்பட்டவர்கள் போலத் தோன்றினாலும், ஜமீன்தாரின் பித்துக்குப் பார்வையாளர்கள் தேவை, டாக்சிக்காரனின் பித்துக்கு யாருமே தேவையில்லை என்பதுதான் இருவருக்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு என்று நினைக்கிறேன். விஸ்வம்பர ராய்க்கு இசை பிடிக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் இசையைக் கேட்பதைவிட, தன் கூடத்தில், தன் சரவிளக்கின் கீழ், தன் முன்னோர்களின் உருவப்படங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து இசையைக் கேட்கச் செய்வதே அவருக்கு வேண்டியிருக்கிறது. வட்டிக்குவிட்டுப் புதுப்பணக்காரரான அண்டைவீட்டு மஹிம் கங்குலி, புதுமனைப் புகுவிழாவுக்கு அழைக்க வருகிறார். அதே நாளில் தன் வீட்டிலும் விழா என்று நின்ற நிலையில் முடிவுசெய்து, மனைவியின் எஞ்சிய நகைகளை அடகு வைக்க அனுப்பும் ஜமீன்தாரின் நடத்தையைக் கலைத்தாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிக் கச்சேரியில் ஒரு சிறு அசைவு இருக்கிறது; அதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ரோஷன் குமாரியின் கதக் நடனம் முடிந்த கணத்தில், முதல் ஆளாக நாணயங்களை வழங்கிப் பெருமை தேடிக்கொள்ள மஹிம் கையை நீட்டுகிறார். அந்தக் கையைப் பக்கத்திலிருந்து ஒரு கைத்தடியின் வளைந்த முனை மெதுவாகக் கொக்கி போட்டுப் பிடிக்கிறது. முதல் பரிசு தரும் உரிமை வீட்டுக்காரருக்கு உரியது என்று விஸ்வம்பர ராய் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, வீட்டில் எஞ்சியிருக்கும் கடைசிப் பணப்பையை நடனக்காரிக்குக் கொடுக்கிறார். சபி பிஸ்வாஸ் என்ற பெரிய நடிகரின் முகத்தில் அந்த நேரத்தில் தெரிவது இசை கேட்டவரின் நிறைவன்று, ஆட்டத்தில் வென்றவரின் நிறைவு. பார்ப்பவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு அவருக்கு மிஞ்சுவது வேலைக்காரர் அனந்தனும், அணைந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்திகளும், தம் உருவப்படத்தின் காலில் ஊர்ந்து போகும் ஒரு சிலந்தியும்தான். யாரும் பார்க்காத இடத்தில் விஸ்வம்பர ராய் என்று ஒருவரே இல்லை. விடியும் நேரத்தில் அவர் குதிரையேறிப் போய் ஆற்றங்கரையில் விழுந்து இறப்பதில் வியப்பும் இல்லை. சற்று முன்பு தம் உடம்பில் ஓடும் பரம்பரை இரத்தத்தைப் பற்றி அனந்தனிடம் மார்தட்டியிருந்தார். அந்த இரத்தத்தைத் தரையில் பார்க்கிறோம்.

பிமலின் கதை வேறு. அவனை ஊரே கேலி செய்கிறது, மற்ற ஓட்டுநர்கள் புதிய வண்டி வாங்கச் சொல்கிறார்கள், சிறுவர்கள் வண்டியின் மீது சேற்றை எறிகிறார்கள். அவர்களிடம் அவன் கோபப்படுகிறானே தவிர, தன் வண்டியின் பெருமையை யாரும் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று ஏங்குவதில்லை. வெயிலில் ஓடிக் களைத்த வண்டியின் ரேடியேட்டரில் அவன் தண்ணீர் ஊற்றும் காட்சியைச் சொல்லவேண்டும். வேறோர் இயக்குநராக இருந்தால் அங்கே நடிகரின் முகத்தை மட்டும் காட்டியிருப்பார். கட்டக், நெடுநேரம் தாகத்தோடிருந்த ஒரு பிராணி மடக்மடக்கென்று குடிக்கும் ஒலியை ஒலித்தடத்தில் சேர்த்துவிட்டார். முகப்பு விளக்குகள் கண்விழிகளைப் போலத் தாமாகத் திரும்புகின்றன. அதாவது, வண்டி பேசுகிறது என்று பிமல் நினைப்பதை நமக்குச் சொல்வதோடு இயக்குநர் நிற்கவில்லை. அந்தப் பேச்சை நம் காதிலேயே விழ வைத்து, நம்மையும் பிமலின் பைத்தியத்தில் பங்காளியாக்கிவிடுகிறார். ராய் தம் நாயகருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். கட்டக் வண்டியில் முன்னிருக்கையில் ஏறிக்கொள்கிறார். உங்கள் பெருமூச்சும் சிரிப்பும் இந்த இரண்டு இருக்கைகளிலிருந்து வந்தவை.

கேள்வி (வாசகி, மதுரை): 'ஜல்சாகர்' படத்தில் மோட்டார் வண்டி வில்லனைப் போல வருகிறது, 'அஜாந்த்ரிக்'கில் அதுவே கதாநாயகி. ஒரே ஆண்டில், ஒரே மொழியில், எப்படி இந்த முரண்பாடு?

பதில்: மிக நல்ல கேள்வி. நான் பல ஆண்டுகளாக இரண்டு படங்களையும் பார்த்தும் இவற்றை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ராயின் படத்தில் மாளிகையின் மாடியிலிருந்து பார்த்தால் வெட்டவெளியில் ஜமீன்தாரின் யானை நிற்கிறது. மஹிமின் லாரி குறுக்கே ஓடுகிறது. அது கிளப்பிய புழுதி எழுந்து யானையை மறைத்துவிடுகிறது. ஒரு வசனமும் இல்லாமல் ஒரு யுகம் மாறிவிட்டதைச் சொல்லும் காட்சி அது. இதோடு மஹிம் வீட்டு மின்சார எந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. இயந்திரம் என்பது இங்கே பிறத்தியானுடைய உடைமை. பழையதை விரட்ட வந்தது.

கட்டக்கின் படத்தில் இயந்திரமே பழையதாகிவிட்டது. அம்மா இறந்த வருடத்தில் வந்து சேர்ந்தது இந்த வண்டி என்கிறான் பிமல். அதற்கு மேல் அவன் தனிமைக்கு விளக்கம் தேவையில்லை. அவனுக்கு மாளிகையோ பரம்பரையோ கிடையாது. அவன் நினைவு முழுவதும் தங்கியிருப்பது ஒரு தகர உடம்பில். இயந்திரம் மனிதனை மனிதத்தன்மையற்றவனாக்கும் என்ற வழக்கமான பாட்டைக் கட்டக் பாடவில்லை. இந்த நாட்டில் மரத்துக்கும் கல்லுக்கும் உயிர் கொடுத்து உறவாடிய மனம், இயந்திரம் வந்ததும் அதையும் அதே உறவுக்குள் இழுத்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். படத்தில் ஓராவோன் பழங்குடியினரின் ஆட்டமும் பாட்டும் கதைக்கு வெளியே நிற்பதுபோல அடிக்கடி வருவது இதற்காகத்தான். பீகார் அரசுக்காக அவர் 1955இல் அங்குள்ள ஆதிவாசிகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர். சுற்றுலாக்காரரின் ஆவலில் அந்த நடனங்களை ஒட்டவைத்தவர் அல்லர். என்றாலும் நடனக் காட்சிகள் சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கின்றன என்பதையும், படத்தின் நடுப்பகுதி தளர்ந்து போவதையும் மறைக்க நான் விரும்பவில்லை. ராயின் படத்தில் இப்படித் தளர்ந்த ஓர் அங்குலத்தையும் காட்டமுடியாது.

கேள்வி (வாசகர், திருச்சி): இரண்டில் இசை எதில் சிறந்தது?

பதில்: 'ஜல்சாகர்' படத்துக்கு இசை சிதார் மேதை விலாயத் கான், 'அஜாந்த்ரிக்'குக்கு சரோத் மேதை அலி அக்பர் கான். இப்படி ஒரு போட்டியில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. பேகம் அக்தர் பாடுவதையும் பிஸ்மில்லா கான் ஷெனாய் வாசிப்பதையும் ஒரே படத்தில் கேட்கக் கிடைப்பது பெரும் பேறு என்பதை மட்டும் சொல்கிறேன். ஆனால் ஒலி என்று கேட்டிருந்தால் தயங்காமல் 'அஜாந்த்ரிக்' என்றிருப்பேன்.

கேள்வி (வாசகர், சேலம்): குடிமக்களைச் சுரண்டிய ஒரு ஜமீன்தாரின் அழிவுக்காக நம்மைக் கண்ணீர் விடச் செய்வது நியாயமா? கட்டக் உழைப்பாளியைப் பற்றிப் படம் எடுத்தார். ராய் ஏன் அவரைப் போல எடுக்கவில்லை?

பதில்: உங்கள் கேள்வியின் முதல் பாதி நியாயமானது. அந்த ஜமீனின் குடியானவர்கள் படத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை. மேற்கு வங்கத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1953இலேயே வந்துவிட்ட நிலையில், ஐந்தாண்டு கழித்து வந்த ஒரு படம், வரி கொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து ஒரு முகத்தையாவது காட்டியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு.

ஆனால் பரிவும் பாராட்டும் ஒன்றல்ல. இந்தப் படத்துக்கு மூலமான சிறுகதையை எழுதிய தாராசங்கர் பந்தோபாத்யாய, பீர்பூம் மாவட்டத்து லாப்பூரில் ஒரு சிறு ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். த.நா.குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பில் 'ஆரோக்கிய நிகேதனம்' படித்த தமிழ் வாசகர்களுக்கு இந்த எழுத்தாளரின் குணம் தெரிந்திருக்கும்: தான் கண்ணால் பார்த்து வளர்ந்த ஒரு உலகம் மறையவேண்டியதே என்று அறிவு சொல்ல, மனம் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ராய் அந்த மனநிலையை எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு குற்றச்சாட்டையும் படத்தில் வைத்தார். கச்சேரி நடக்கும் புயல் இரவில் ஜமீன்தாரின் கிண்ணத்துக்குள் ஒரு பூச்சி விழுந்து தத்தளிப்பதைக் கவனித்தீர்களா? மேலே சரவிளக்கு ஆடுகிறது, வெளியே மின்னுகிறது, பாடகர் பாடிக்கொண்டிருக்கிறார். தாய்வீட்டிலிருந்து மனைவியும் மகனும் படகில் வந்துகொண்டிருக்கிறார்கள். விழாவுக்கு வரச்சொல்லி வற்புறுத்தி அழைத்தவர் அவர்தான். அந்த இருவரும் ஆற்றில் மூழ்கிப் போகிறார்கள். தம் வீம்புக்காகக் குடும்பத்தையே பலி கொடுத்த ஒருவர் என்று இதைவிடக் கடுமையாக எந்தப் பிரசாரப் படமும் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்று. இந்தப் படத்தை எடுத்த இடம் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் நிம்திதா மாளிகை. பல மாளிகைகளைப் பார்த்துச் சலித்துப்போன ராயிடம் டீக்கடையில் ஒரு கிழவர் அந்த இடத்தைச் சொன்னாராம். போய்ப் பார்த்த பின்புதான், தாராசங்கர் தம் கதையின் ஜமீன்தாரை உருவாக்கியது அந்த மாளிகைக் குடும்பத்தின் ஒருவரை மனத்தில் வைத்தே என்பது தெரியவந்தது. மாளிகையிலிருந்த கூடம் பெருங்கச்சேரிக்குப் போதாததால், நாம் திரையில் காணும் இசைக்கூடத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா படப்பிடிப்பு அரங்கில் அமைத்தார். எந்த இடத்தில் செங்கல் முடிந்து அரங்கம் தொடங்குகிறது என்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

கேள்வியின் இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. உழைப்பாளியைப் பற்றிய படம் என்று 'அஜாந்த்ரிக்'கை எடுத்துக்கொண்டால் அதன் பைத்தியக்காரத்தனம் முழுவதும் கைநழுவிப் போய்விடும். பிமல் தன் சேமிப்பையெல்லாம் போட்டு வண்டியைச் சீர்செய்கிறான். சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதில் பாறைக்கற்களை ஏற்றி ஓட்டுகிறான். எந்த உழைப்பாளி தன் பிழைப்புக் கருவியின்மீது இப்படிப் பாறையை ஏற்றுவான்? அது நேசத்தின் கொடுமை. நோயிலிருந்து எழுந்த பிள்ளையைப் பார்த்து, ஓடு, இன்னும் ஓடு என்று துரத்துகிற தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகி, பாளையங்கோட்டை): இரண்டு படங்களிலும் பெண்களுக்கு இடமே இல்லையே?

பதில்: இடம் இருக்கிறது, நாயகர்கள் கொடுக்கவில்லை. ஜமீன்தாரின் மனைவி மஹாமாயா, வரவிருக்கும் அழிவை முதலில் பார்த்தவர். அவர் எச்சரிப்பதும், கணவர் சிரித்து ஒதுக்குவதும், நகைப்பெட்டி கைமாறுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. பிமலின் வாழ்க்கையில் குறுக்கிடும் பெண் ஒரு பயணி. காதலனோடு வண்டியில் வந்தவள், பின்னர் நகைகளையும் பறிகொடுத்துக் கைவிடப்பட்டு நிற்கிறாள். பிமல் அவளுக்கு ரயில் சீட்டு வாங்கித் தருகிறான், அதற்குமேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வந்ததிலிருந்து ஜகத்தல் மக்கர் செய்யத் தொடங்குவதை, பொறாமை என்று படிக்கக் கட்டக் நமக்கு இடம் கொடுக்கிறார். படத்தின் மிகக் கூரிய நகைச்சுவையும் மிகத் துயரமான பகுதியும் அதுவே. ஒரு மனிதப் பெண்ணை நேசிக்கும் வாய்ப்பு அவன் வாசலில் வந்து நிற்கிறது. அவனுக்கோ ரேடியேட்டரோடு பேசத்தான் மொழி தெரியும்.

கேள்வி (வாசகர், சென்னை): 'அஜாந்த்ரிக்' வெளியானபோது ஓடவில்லை என்கிறார்களே, அதன் பாதிப்பு எங்காவது உண்டா? தமிழில்?

பதில்: ஓடவில்லை என்பது உண்மை. கட்டக்கின் ராசி அப்படி. அவர் 1952இல் முடித்த முதல் படமான 'நாகரிக்', அவர் 1976இல் இறந்த பிறகு, 1977இல்தான் திரைக்கு வந்தது. எனவே பலருக்கு அவருடைய முதல் படமாகத் தெரிந்தது 'அஜாந்த்ரிக்'கே.

தமிழில் நேரடியான பாதிப்பு என்று ஒன்றைச் சுட்டினால் மிகைப்படுத்துவதாகிவிடும். ஆனால் ஓர் உறவுமுறை இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் கட்டக் ஆசிரியராக இருந்த காலத்து மாணவர்களில் ஒருவர் ஜான் ஆபிரகாம். அவர் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் தமிழில் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை', கட்டக்கின் 'நாகரிக்' வெளிவந்த அதே 1977இல் வந்தது. எம்.பி.சீனிவாசன் நடித்த தத்துவப் பேராசிரியர் தாயிழந்த ஒரு கழுதைக்குட்டியை வளர்க்கிறார்; நகரத்தில் கேலி தாங்காமல் அதைத் தம் அக்கிரகாரத்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறார்; ஊர் அதைக் கொன்றுவிட்டுப் பிறகு தெய்வமாக்குகிறது. வாயில்லாத ஒன்றிடம் அன்பு வைத்த மனிதரை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதில் குருவின் படமும் சீடரின் படமும் பங்காளிகள். ஜானின் படத்தில் கோபம் அதிகம், கட்டக்கின் படத்தில் குழந்தைத்தனம் அதிகம். தமிழின் சிறந்த படம் என்ற தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. திரையரங்கில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

கேள்வி (வாசகர், ஈரோடு): இவ்வளவும் எழுதிய உங்களிடம் நேராகக் கேட்கிறேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

பதில்: கலைநேர்த்தியை அளந்தால் 'ஜல்சாகர்'. எனக்கு வேண்டியது 'அஜாந்த்ரிக்'. முதன்முதலில் அதை ஒரு திரைப்படச் சங்கத்தில், மூன்று இடங்களில் அறுந்து ஒட்டிய பிரதியில், மின்விசிறி இல்லாத அறையில் பார்த்தேன். ஒலி கரகரத்தது, அந்தக் கரகரப்பு பிரதியின் குறையா, ஜகத்தலின் இருமலா என்று கடைசிவரை பிரித்தறிய முடியவில்லை. இறுதியில் வண்டி பாகம் பாகமாகக் கழற்றப்பட்டு எடைக்குப் போய்விடுகிறது. காயலான் கடைக்காரனின் வண்டியில் அதன் எலும்புகள் ஏற்றப்பட்டுப் போவதைப் பிமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்போது எங்கிருந்தோ அந்தப் பழைய ஹாரனின் குரல் கேட்கிறது. திரும்பினால், விழுந்து கிடந்த ஹாரனைக் கையில் எடுத்து ஒரு சிறு குழந்தை அமுக்கி அமுக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. பிமலாக நடித்த காளி பானர்ஜியின் முகத்தில் அழுகை அப்படியே இருக்க, அதன் நடுவில் ஒரு சிரிப்பு வருகிறது. நீங்கள் பார்க்கும்போது ஒலியைக் குறைத்து வைத்துவிடாதீர்கள்.